டர்பனில் இலவச வீட்டை விட்டு ஆற்றங்கரைக்கு ஏன் திரும்புகிறார்கள்?

கேட்டவர் கோவைக்காரர், சிவில் என்ஜினியர். தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வேலைக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. அவர் கேட்டதன் சுருக்கம் இது:

"நான் தங்கியிருக்கும் ரிசர்வாயர் ஹில்ஸுக்குக் கீழே, பால்மியெட் ஆற்றங்கரையில் தகரக் குடிசைகள். வெள்ளம் வந்தால் முதலில் போவது அவைதான். அரசு இலவசமாக வீடு கட்டித் தருகிறது, ஆனால் வீடு கிடைத்தவர்களே திரும்பி வந்து குடிசையில் இருக்கிறார்கள் என்கிறார்கள். இன்னொரு பக்கம், பேருந்துக்கென்று தனிப்பாதை போட்டு நிலையமும் கட்டியிருக்கிறார்கள். பேருந்து ஓடக் காணோம் என்று வருடக்கணக்காகப் புலம்பல். அலுவலகத்தில் எந்த அறிக்கையைத் திறந்தாலும் போக்குவரத்து, வீட்டுவசதி, நகரத் திட்டமிடல் மூன்றையும் இணைக்க வேண்டும் என்று முதல் பக்கத்திலேயே இருக்கிறது. எல்லாருக்கும் தெரிந்திருந்தும் ஏன் நடக்கவில்லை? அப்புறம் ஒரு சொந்தக் கேள்வி: சாட்ஸ்வர்த்தில் வாடகை குறைவாக இருக்கிறது, அலுவலகம் உம்லாங்காவில். வீடு மாறலாமா?"

சொந்தக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். நான் இந்த ஊருக்கு வந்து இருபத்திரண்டு வருடம். பிழைப்பு போக்குவரத்துத் திட்டமிடலில், பெண் எடுத்தது சாட்ஸ்வர்த்தில். அதனால் அலுவலகத்து வரைபடத்தில் பார்த்ததையும் மாமனார் வீட்டுத் திண்ணையில் கேட்டதையும் கலந்துதான் சொல்வேன்.

முதலில் ஒரு திருத்தம். இந்த ஊரில் அந்த மூன்றையும் யாரும் இணைத்ததே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். மிகக் கச்சிதமாக இணைத்த ஒரு காலம் இருந்தது. இணைத்தவர்கள் இனஒதுக்கல் ஆட்சிக்காரர்கள்.

இனவாரிப் பகுதிச் சட்டம் வந்தது 1950-இல். டர்பன் நகராட்சி அதற்காகக் காத்திருக்கவில்லை என்றே சொல்லலாம். எந்த இனம் எங்கே குடியிருக்க வேண்டும் என்று வரைந்து கொடுக்க ஒரு தொழில்நுட்பத் துணைக்குழுவையே வைத்திருந்தது. அந்தக் குழு போட்ட விதிகளைப் படித்தால், ஆட்களின் நோக்கம் மட்டும் தெரியாவிட்டால், நல்ல நகரத் திட்டமிடல் பாடம் என்று நினைத்துக்கொள்வீர்கள். ஒவ்வொரு இனத்தின் பகுதிக்கும் ஆறு, மலைமுகடு, ரயில்பாதை மாதிரி தெளிவான எல்லை வேண்டும். ஒரு பகுதிக்காரர் வேலைக்குப் போகும்போது இன்னொரு பகுதிக்காரரின் வீட்டு வாசல் வழியாகப் போகக் கூடாது. தொழிற்பேட்டைக்கு ஒவ்வொருவருக்கும் தனி வழி இருக்க வேண்டும். அதாவது வீட்டை எங்கே வைப்பது என்று யோசிக்கும்போதே ரயில் எப்படிப் போகும் என்றும் யோசித்திருக்கிறார்கள். வடக்கே குவாமாஷு, தெற்கே உம்லாசி, இரண்டும் கறுப்பின மக்களுக்கு. வெள்ளையர் பகுதிக்கும் உம்லாசிக்கும் நடுவே, இரண்டும் ஒட்டாமல் இருக்க ஒரு பஞ்சுத் துண்டு வைத்த மாதிரி, இந்தியர்களுக்குச் சாட்ஸ்வர்த்.

சாட்ஸ்வர்த் எழும்பிய நிலம் அதற்கு முன்பு இந்திய விவசாயிகள் வாழை போட்டிருந்த நிலம். அவர்களிடமிருந்து எடுத்து, அளந்து, யூனிட் ஒன்று முதல் பதினொன்று என்று எண் போட்டு, 1960-களின் நடுவில் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். கேட்டோ மேனரிலிருந்து, மேவில்லிலிருந்து, கிளேர்வுட்டிலிருந்து. என் மாமனார் குடும்பம் வந்தது மேகஸின் பேரக்ஸிலிருந்து. அது நகராட்சித் தொழிலாளர் குடியிருப்பு. தமிழும் தெலுங்கும்தான் அங்கே பேச்சு. மாமாவின் அப்பா தெருக்கூட்டும் வேலை. காலையில் நடந்தே வேலைக்குப் போவார், மதியம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்புவார். கடற்கரை நடை தூரம், மார்க்கெட் நடை தூரம். வீடு என்னவோ எலிப்பொந்துதான். பொதுக் குழாய், பொதுக் கழிப்பறை. சாட்ஸ்வர்த்தில் கொடுத்த செமி வீட்டில், அதாவது நடுச்சுவர் பொதுவான இரட்டை வீட்டில், தனிக் குழாயும் தனிக் கழிப்பறையும் இருந்தன. மாமாவின் அம்மா குழாயைத் திறந்து திறந்து மூடிப் பார்த்தாராம். முதல் மாதக் கடைசியில்தான் விஷயம் உறைத்திருக்கிறது. பேருந்துச் செலவு என்று ஒன்று அதுவரை அந்த வீட்டுக் கணக்கிலேயே கிடையாது. மாமா இன்றைக்கும் சொல்வார்: "வீடு பெரிசாச்சு, சம்பளம் சிறிசாச்சு."

அந்த ஒரு வரிக்குள் உங்கள் முதல் கேள்விக்கான விடை இருக்கிறது. வீட்டின் விலை வாசற்படியோடு முடிவதில்லை. தினமும் அங்கிருந்து புறப்பட்டுத் திரும்பிவர ஆகும் காசும், அதற்குப் போகும் நேரமும் சேர்ந்ததுதான் விலை. வீடு இலவசமாகவே கிடைத்தாலும் இந்த இரண்டாம் பாதியை மாதாமாதம் கட்டியாக வேண்டும், தள்ளுபடியே கிடையாது.

இது பழைய ஆட்சிக்கும் தெரியும். ஆட்களைத் தூரத்தில் தள்ளினால் கூலிக்காரன் வேலைக்கு வரக் காசு இருக்காது, கூலியை ஏற்றச் சொல்வான் என்று தெரியும். 1957-இல் ஜொகன்னஸ்பர்க் அலெக்ஸாண்ட்ராவில் பேருந்துக் கட்டணத்தை நான்கு பென்னியிலிருந்து ஐந்து பென்னி ஆக்கினார்கள். 'அஸிக்வெல்வா', ஏற மாட்டோம், என்று சொல்லி ஆயிரக்கணக்கானோர் மாதக்கணக்கில் நகரத்துக்கு நடந்தார்கள். ஒரே ஒரு பென்னிக்கு. அதே வருடம் முதலாளிகளிடம் வரி பிடித்துப் பேருந்துக் கட்டணத்துக்கு மானியம் கொடுக்கச் சட்டம் வந்தது. ஆக, தூரத்தில் குடியேற்றினார்கள், ரயில்பாதை போட்டார்கள், கட்டணத்துக்கு மானியமும் கொடுத்தார்கள். வீடு, போக்குவரத்து, நிலம் மூன்றும் ஒரே கையில். கொடூரமான நோக்கத்துக்கு ஒழுங்கான வேலை.

1994-இல் ஆட்சி மாறியதும் வாக்குறுதி என்ன? ஐந்து வருடத்தில் பத்து லட்சம் வீடு. அதை ஏளனம் செய்ய மாட்டேன். உலகில் இந்த அளவுக்குக் கட்டிக் கொடுத்த நாடுகள் குறைவு; அதன் பிறகு இருபத்தைந்து வருடங்களில் லட்சக்கணக்கான குடும்பங்கள் சொந்தக் கூரைக்குக் கீழே வந்தன. சிக்கல் மானியம் கணக்கிட்ட முறையில் வந்தது. ஒரு வீட்டுக்கு இவ்வளவு என்று ஒரே தொகை. நிலம், குழாய், சாலை, சுவர் எல்லாம் அதற்குள். சிமென்ட் விலையைக் குறைக்க ஒப்பந்தக்காரரால் முடியாது. குறைக்க முடிந்தது நிலத்தின் விலை ஒன்றைத்தான். மலிவான நிலம் எங்கே கிடைக்கும்? எங்கே யாருக்கும் வேண்டாமோ அங்கே. ஊர்க்கோடியில், உம்லாசி, குவாமாஷு மாதிரி பழைய டவுன்ஷிப்புக்கும் அப்பால். இப்படி, எந்தத் தீய எண்ணமும் இல்லாமல், நல்ல மனசோடு, முந்தைய ஆட்சி போட்ட வரைபடத்தையே இன்னும் கொஞ்சம் நீட்டிவிட்டோம். ஒரு மனைக்கு ஒரு வீடு, நாற்பது சதுர மீட்டர், முன்னால் கொஞ்சம் மண். பேருந்து நடத்துகிறவனைக் கேட்டால், இதைவிட மோசமான வாடிக்கை கிடையாது என்பான். ஏன் என்று சொல்கிறேன். இதை என்ஜினியர்களே பல பேர் யோசிப்பதில்லை.

சென்னையில் தாம்பரத்திலிருந்து பாரிமுனைக்குப் போகும் பேருந்தை நினைத்துப் பாருங்கள். தாம்பரத்தில் உட்கார்ந்தவர் கிண்டியில் இறங்குவார். அந்த சீட்டில் இன்னொருவர் உட்கார்ந்து சைதாப்பேட்டை போவார், அங்கே மூன்றாமவர் ஏறுவார். ஒரே சீட்டு ஒரே பயணத்தில் மூன்று தடவை விற்கிறது. வழி நெடுக வீடும் கடையும் பள்ளிக்கூடமும் அலுவலகமும் கலந்து கிடப்பதால் எதிர்த்திசையிலும் கூட்டம் இருக்கும். டர்பனில் காலை ஐந்தரைக்கு உம்லாசியில் நிறையும் பேருந்து, நகரம் வரும்வரை ஒருவரையும் இறக்குவதில்லை. நடுவே இறங்க எதுவும் கிடையாது. ஒரு சீட்டு ஒரு தடவைதான் விற்கிறது. திரும்பும்போது வண்டி காலி. காலை இரண்டரை மணி நேரம், மாலை இரண்டரை மணி நேரம், மற்ற நேரம் ஓட்டுநர் நிழலில் தூங்குகிறார். கடல் ஓதம் மாதிரி காலையில் ஒரு பக்கம், மாலையில் மறுபக்கம். இந்த ஊரில் எந்தப் பேருந்துக் கம்பெனியும் மானியம் இல்லாமல் பிழைக்காததற்கு நிர்வாகக் கோளாறு ஒரு காரணம்தான். பெரிய காரணம், வீடுகளை வைத்திருக்கும் விதம்.

சரி, மானியம் யாருக்குப் போகிறது? ரயிலுக்குத் தேசிய அரசு கொடுக்கிறது. பேருந்துக்கு மாகாணம் வழியாகப் போகிறது, அதுவும் 2009 முதல் ஓடிய கிலோமீட்டர் கணக்கில். அதாவது தூரத்துக்கு மானியம். ஊருக்குள்ளே ஒண்டிக் குடித்தனம் இருந்து நடந்து போகிறவருக்கு ஒரு சென்ட் கிடையாது. நாட்டில் பொதுப் போக்குவரத்தில் போகிறவர்களில் பெரும்பாலோரை ஏற்றிச் செல்லும் மினிபஸ் டாக்ஸிக்கும் (நம் ஊர் ஷேர் ஆட்டோ மாதிரி பல பேர் சேர்ந்து ஏறும் தனியார் வேன்; இங்கே டாக்ஸி என்றால் அதுதான்) பழைய வண்டிக்குப் பதில் புது வண்டி வாங்க ஒரு திட்டம் உண்டே தவிர, பயணிக்கென்று மானியம் கிடையாது. 1980-களின் கடைசியில் உரிமங்களைத் தாராளமாகத் திறந்துவிட்டார்கள். பேருந்தும் ரயிலும் எட்டாத இடமெல்லாம் டாக்ஸி எட்டியது. முரட்டுத்தனம், துப்பாக்கி, சங்கச் சண்டை எல்லாம் உண்மைதான். ஆனால் ஒரு புதுக் குடியிருப்பில் தண்ணீர் வருவதற்கு முன்னால் டாக்ஸி வந்து நிற்கும். திட்டமிடல் துறையில் இருக்கும் நாங்கள் யாரும் அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2024-இல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 27 ராண்ட் 58 சென்ட். எட்டு மணி நேரம், இருபத்திரண்டு நாள் என்றால் மாதம் 4,854 ராண்ட். ஊர்க்கோடி வீட்டிலிருந்து நகரத்துக்கு ஒரு டாக்ஸி, அங்கிருந்து வேலைக்கு இன்னொன்று. ஒரு ஏற்றத்துக்கு 20 ராண்ட் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். போக வர நான்கு ஏற்றம், நாளைக்கு 80, மாதம் 1,760. சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். 1996-இல் வெளியிட்ட தேசியப் போக்குவரத்து வெள்ளை அறிக்கை என்ன இலக்கு வைத்தது தெரியுமா? கையில் வரும் வருமானத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் பயணத்துக்குப் போகக் கூடாது. வேலைக்குப் போகும் தூரம் ஒரு வழிக்கு நாற்பது கிலோமீட்டர் அல்லது ஒரு மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும். நல்ல இலக்கு. அந்த அறிக்கையை எழுதிய துறையிடம் ஒரு செங்கல் கூடக் கிடையாது; செங்கல் வைத்திருந்த துறைக்கு அந்த இலக்கால் எந்தக் கட்டாயமும் இல்லை.

இப்போது உங்கள் ஜன்னலுக்குக் கீழே இருக்கும் ஆற்றங்கரைக்கு வருவோம். எங்கள் தெருவில் நாலு வீட்டில் துணி துவைத்துக் கொடுக்கும் ஒரு அம்மாவுக்கு அரசு வீடு கிடைத்தது. சாவி வாங்கிய அன்று எல்லா வீட்டுக்கும் வந்து காட்டிவிட்டுப் போனார். ஐந்து மாதம் கழித்து மறுபடி அதே ஆற்றங்கரையில். என்னம்மா என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணினார்: அங்கிருந்து வர இரண்டு டாக்ஸி. நாலரைக்குக் கிளம்ப வேண்டும். பிள்ளையைப் பள்ளியில் விட ஆளில்லை. இங்கே இருந்தால் ஏறி வர இருபது நிமிட நடை. அந்த வீட்டை வேறொரு குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். வாடகைக் காசில் பிள்ளைக்குச் சீருடை. இப்படிச் செய்கிறவர்களை நன்றி கெட்டவர்கள் என்று அதிகாரிகள் திட்டுவார்கள். எட்டு வருடம் விற்கக் கூடாது என்று சட்டமும் இருக்கிறது. எனக்கென்னவோ, எங்கள் துறையில் யாரையும்விட அந்த அம்மாதான் மூன்று கொள்கைகளையும் ஒரே தாளில் வைத்துக் கணக்குப் போட்டவர் என்று தோன்றுகிறது.

ஆற்றங்கரைக்கு இது புதிதும் அல்ல. பால்மியெட் போய்ச் சேருவது உம்கெனி ஆற்றில். அதே உம்கெனிக் கரையில், ஸ்பிரிங்ஃபீல்ட் பள்ளத்தில், இந்தியத் தோட்டக்காரர்கள் காய்கறி போட்டுக் குடியிருந்தார்கள், காரணம் தண்ணீரும் சந்தையும் பக்கம். 1917 அக்டோபரில் வெள்ளம் வந்து நூற்றுக்கணக்கானோர் போனார்கள். ஆறு மீனவர்கள் படகை எடுத்துக்கொண்டு போய் நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கரை சேர்த்தார்கள். 'படவட்டன் சிக்ஸ்' என்று இன்றும் சொல்வார்கள். படவு ஓட்டுகிறவன் என்பதுதான் அப்படி மருவியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். 1976-இல் அதே பள்ளத்தில் டின் டவுன் என்ற தகரக் குடியிருப்பு வெள்ளத்தில் போனது. அவர்களை அள்ளிக்கொண்டுபோய் வடக்கே புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த ஃபீனிக்ஸில் வைத்தார்கள். 2022 ஏப்ரலில் மறுபடி வெள்ளம், மாகாணத்தில் 400 பேருக்கு மேல் பலி. ஒவ்வொரு தடவையும் ஆற்றைக் குறை சொல்கிறோம். ஆட்கள் ஏன் ஆற்றங்கரையில் இருந்தார்கள்? வேலைக்கு நடந்து போகும் தூரத்தில் ஏழைக்கு எஞ்சிய நிலம் அதுதான். இன்று ஸ்பிரிங்ஃபீல்டில் கிடங்கும் பெரிய பெரிய கடைகளும் நிற்கின்றன.

2022 வெள்ளம் இன்னொன்றையும் காட்டியது. ரயில்பாதைகளை அடித்துக்கொண்டு போனது. ஏற்கெனவே கம்பி திருட்டிலும் கவனிப்பில்லாமலும் பாதி செத்திருந்த ரயில், நீண்ட நாள் எழுந்திருக்கவே இல்லை. பழைய ஆட்சி ஆட்களைத் தூரத்தில் வைத்தது, ஆனால் ரயிலும் வைத்தது. ரயில் போனபோது தூரம் மட்டும் மிஞ்சியது.

இணைப்பு ஏன் நடக்கவில்லை என்றீர்கள். யார் கையில் எது இருக்கிறது என்று பாருங்கள். ரயில், பிராசா என்ற தேசிய நிறுவனத்தின் கையில். பேருந்து ஒப்பந்தமும் டாக்ஸி உரிமமும் மாகாணத்தின் கையில். வீட்டு மானியம் தேசியத் துறையிலிருந்து மாகாணம் வழியாக இறங்குகிறது. எந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்பது நகராட்சி கையில்; 2013-இல் வந்த ஸ்ப்ளூமா என்ற நிலப் பயன்பாட்டுச் சட்டம் அதை உறுதி செய்தது. எத்தெக்வினி, அதாவது டர்பன் நகராட்சி, எவ்வளவு அழகாக வரைபடம் போட்டாலும் ஒரு ரயில் கூடுதலாக விடச் சொல்ல அதற்கு அதிகாரம் இல்லை. பேருந்து ஒப்பந்தங்களை நகரங்களுக்கு மாற்றலாம் என்று 2009-இன் தரைப் போக்குவரத்துச் சட்டமும், புறநகர் ரயிலையும் மாற்றலாம் என்று 2022-இன் ரயில் கொள்கையும் சொல்கின்றன. சொல்லியிருக்கின்றன, அவ்வளவுதான். நாலு மருமகள் சமைக்கும் வீட்டில் உப்பு நாலு தடவை விழும் என்பார்கள். இங்கே ஒருத்தரும் போடவில்லை.

நானே உட்கார்ந்திருந்த ஒரு கூட்டத்தைச் சொல்கிறேன், துறை பெயர் வேண்டாம். இரண்டாயிரம் சொச்சம் வீடுகள் கொண்ட ஒரு திட்டம். வரைபடத்தில் சாலை அகலம் போதாது, பேருந்து திரும்ப இடமில்லை என்று சொன்னேன். "பேருந்து எங்கள் பட்ஜெட்டில் இல்லை" என்றார் எதிரே இருந்தவர். பொய் இல்லை. அவருடைய வருட முடிவு அறிக்கையில் எத்தனை வீடு என்ற கட்டம் இருக்கிறது. அந்த வீட்டுக்காரர் எத்தனை மணிக்கு எழுந்திருப்பார் என்ற கட்டம் இல்லை. டாக்ஸி நிறுத்தத்துக்கு ஒரு மனை கேட்டேன், அதையும் வீட்டு மனையாக வெட்டிவிட்டார்கள். இன்றைக்குப் போய்ப் பார்த்தால் டாக்ஸிகள் ஒரு பள்ளிக்கூட வாசலை அடைத்துக்கொண்டு நிற்கின்றன.

தனிப்பாதைப் பேருந்துக் கதையும் இதே கதையின் மறுபக்கம். கோ டர்பன் என்ற பெயரில் பல தடங்கள் திட்டமிட்டார்கள். முதலில் கையில் எடுத்தது சி3, பிரிட்ஜ் சிட்டியிலிருந்து பைன்டவுன் வரை. பிரிட்ஜ் சிட்டி நல்ல யோசனைதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. குவாமாஷு, ஃபீனிக்ஸ், இனாண்டா மூன்றும் சந்திக்கும் இடம்; மூன்றையும் பிரிக்கத்தான் முன்பு அந்த வெற்று நிலத்தை விட்டு வைத்திருந்தார்கள். அங்கே கடைத்தெரு, அதன் அடியில் ரயில் நிலையம். அங்கிருந்து பைன்டவுனுக்குத் தனிப்பாதை, நிலையங்கள் எல்லாம் கட்டினார்கள். ஆனால் அந்தத் தடத்தில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் டாக்ஸிக்காரர்களின் பிழைப்புக்கு என்ன வழி, பங்கு எவ்வளவு, நஷ்டஈடு எவ்வளவு என்ற பேச்சு இழுத்துக்கொண்டே போனது. நிலையங்கள் பல வருடம் பேருந்து பார்க்காமல் கிடந்தன. கண்ணாடி உடைந்து, கம்பி போய். கான்கிரீட் போடுவது சுலபம், அதற்கு டெண்டர் விடலாம். ஒரு தடத்தின் மேல் முப்பது வருடமாக உரிமை கொண்டாடும் சங்கத்தோடு உடன்படிக்கைக்கு எந்த டெண்டரும் கிடையாது. அதோடு, தனிப்பாதையின் இரு பக்கமும் நெருக்கமாக வீடு வந்திருந்தால், ஒரு சீட்டு இரண்டு தடவையாவது விற்றிருக்கும், டாக்ஸிக்காரருக்கும் பங்கு கொடுக்க மிச்சம் இருந்திருக்கும். ஜொகன்னஸ்பர்க் 2013-இல் ரேயா வாயா பேருந்துத் தடங்களை ஒட்டியே வீடும் கட்டிடமும் நெருக்கிக் கொண்டுவர ஒரு திட்டம் போட்டது. ஆட்சி மாறியதும் பெயரை மாற்றிவிட்டார்கள், யோசனை சரியானதுதான்.

இங்கே அந்த யோசனைக்கு அருகில் வருவது கார்னூபியா. ஃபீனிக்ஸுக்கும் உம்லாங்காவுக்கும் நடுவே, கரும்புக் காடாக இருந்த நிலம். நகராட்சியும் கரும்புக் கம்பெனியும் சேர்ந்து, இலவச வீடு, விலைக்கு வீடு, தொழிற்கூடம், கடை எல்லாம் கலந்து வரும் என்று 2014-இல் தொடங்கினார்கள். இடத்தேர்வுக்கு நூற்றுக்கு நூறு மார்க் போடுவேன், ஏனென்றால் வேலைகள் வடக்கே நகர்ந்துகொண்டிருக்கின்றன. 2001-இல் கேட்வே மால், 2010-இல் கிங் ஷாகா விமான நிலையம். வங்கி, வக்கீல், கணக்காளர் எல்லாரும் நகர மையத்தை விட்டு உம்லாங்கா மேட்டுக்கு ஏறிவிட்டார்கள். தெற்கே பழைய விமான நிலையத்தின் தட்டையான நிலம், உம்லாசிக்கும் சாட்ஸ்வர்த்துக்கும் மெரபேங்குக்கும் பக்கத்தில், துறைமுகம் தோண்டப் போகிறோம் என்று வாங்கிப் போட்டார்கள். தோண்டவில்லை. ஆக, லட்சக்கணக்கானோர் தெற்கே, புது வேலைகள் வடக்கே, நடுவில் நகர மையம். தினமும் காலையில் வார்விக் சந்திப்பில் அத்தனை பேர் இறங்கி ஏறுவது அதனால்தான். நாளைக்கு நாலரை லட்சத்துக்கும் மேல் என்று ஒரு கணக்கு உண்டு.

வார்விக்கைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் அது திட்டமிடாமல் அமைந்த இணைப்பு. ரயில் நிலையம், பேருந்து, டாக்ஸி, அதற்கு நடுவே 1934-இல் திறந்த அதிகாலைச் சந்தை. கேட்டோ மேனர், ஸ்பிரிங்ஃபீல்ட் தோட்டக்காரர்கள் தெருவில் உட்கார்ந்து விற்றுக்கொண்டிருந்ததை உள்ளே கொண்டுவந்து கட்டிய சந்தை அது. இன்றும் கொத்தமல்லி, முருங்கைக்காய், கறிவேப்பிலை அங்கேதான். 2009-இல், அடுத்த வருடம் வரும் கால்பந்து உலகக் கோப்பைக்கு ஊரை அழகாக்குகிறோம் என்று அதை இடித்து மால் கட்டப் புறப்பட்டார்கள். கடைக்காரர்கள், இந்தியர் கறுப்பர் எல்லாரும் சேர்ந்து நின்று, கோர்ட்டுக்கும் போய், நிறுத்தினார்கள். மால் கட்ட நினைத்தவர்கள் பார்த்தது நிலத்தை. காலை ஐந்தரைக்கு டாக்ஸி மாறும் இரண்டு நிமிடத்தில் தக்காளி வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளும் பெண்ணை அவர்கள் பார்க்கவில்லை. அந்தச் சந்தை போனால் அவர் வீட்டுக்குப் பக்கத்துச் சூப்பர் மார்க்கெட்டில் அதே தக்காளியை அதிக விலைக்கு வாங்க வேண்டும், அல்லது அதற்கும் ஒரு டாக்ஸி.

என்ன செய்யலாம் என்று கேட்டால், பெரிய திட்டங்களில் எனக்கு ஆசை குறைந்துவிட்டது. புது நகரம் கட்டுவதை விட, இருக்கும் வீட்டின் பின்னால் வளரும் அவுட்பில்டிங்கைப் பார்க்கச் சொல்வேன். சாட்ஸ்வர்த்தில் எந்த செமி வீட்டுக்குப் பின்னாலும் ஒரு அறை, ஒரு சமையல் மேடை, வாடகைக்கு ஒரு குடும்பம். பாதிக்கு மேல் வரைபட அனுமதி இல்லாதவை. நகராட்சி நோட்டீஸ் ஒட்டுகிறது. அதற்குப் பதில், நிலையத்திலிருந்தும் பேருந்துச் சாலையிலிருந்தும் பத்து நிமிட நடைக்குள் இருந்தால் எளிய அனுமதி, சாக்கடைக் குழாயைக் கொஞ்சம் பெரிதாக்குவது, மின்சாரத்துக்குத் தனி மீட்டர் என்று ஒரு விதி வைத்தால், அரசு ஒரு செங்கலும் வைக்காமல் ஊருக்குள்ளேயே ஆயிரக்கணக்கான வாடகை வீடுகள் முறைக்கு வரும். என் மாமனார் வீட்டுப் பின்னறையில் இருக்கும் பையன் உம்லாசியிலிருந்து வந்தவன். இந்தியரும் கறுப்பரும் இப்படி ஒட்டாமல் இருக்கத்தான் ஊர்களையே பிரித்துக் கட்டினார்கள்.

இரண்டாவது, மானியத்தைத் தூரத்திலிருந்து ஆளுக்கு மாற்றுவது. பயணி கையில் ஒரு அட்டை; அதை டாக்ஸியிலும் தேய்க்கலாம் என்று வந்தால், சங்கங்களோடு பேசவும் ஒரு பிடி கிடைக்கும். சுலபம் என்று சொல்லவில்லை. டாக்ஸி உலகம் ரொக்கத்தில் ஓடுகிறது, ரொக்கத்தில் ஓடுவது பல பேருக்கு வசதி. மூன்றாவது, கேட்டோ மேனர் மாதிரி நகரத்தை ஒட்டிய நிலத்தைத் தரிசாக விடாமல் மாடி வீடாகக் கட்டுவது. 1960-களில் ஆட்களைத் துடைத்து எடுத்த பிறகு அங்கே பெரும்பகுதி முப்பது வருடம் புல் வளர்ந்தது. அடுத்த தடவை தீமிதிக்கு, பெல்லேர் சாலை அம்பலவாணர் கோவிலுக்குப் போனால் சுற்றிப் பாருங்கள். நகரக் கட்டிடங்கள் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். அந்தக் கோவிலுக்கு இன்றைக்குச் சாட்ஸ்வர்த்திலிருந்தும் ஃபீனிக்ஸிலிருந்தும் கார் பிடித்து வருகிறார்கள். அவர்கள் தாத்தாக்கள் நடந்து வந்தார்கள்.

இனி உங்கள் வீடு. சாட்ஸ்வர்த்தில் வாடகை குறைவுதான், சாப்பாடு பிரமாதம், வெள்ளிக்கிழமை பங்களாதேஷ் மார்க்கெட்டில் நம் ஊர்க் காய் எல்லாம் கிடைக்கும். என் மாமியாரே உங்களுக்கு வீடு பார்த்துக் கொடுப்பார். ஆனால் உம்லாங்காவுக்கு என்றால் ஊரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி. கார் இருந்தால் காலை ஆறு மணிக்கு முன் கிளம்பினால் தப்பித்தீர்கள். ஆறரைக்குக் கிளம்பினால் என்2 நெடுஞ்சாலையில் உருள வேண்டும். கார் இல்லையென்றால் சாட்ஸ்வர்த்திலிருந்து வார்விக், வார்விக்கிலிருந்து உம்லாங்கா, இரண்டு வண்டி. வாடகையில் மிச்சமாகும் தொகையை ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் பெட்ரோலையும் டாக்ஸியையும் நாற்பத்து நாலு பயணத்தையும் எழுதுங்கள். தினமும் இரண்டு மணி நேரம் போகிறதே, அதற்கு உங்கள் சம்பளத்தில் மணிக்கு என்ன வருமோ அதில் பாதியாவது போடுங்கள். என் கணிப்பு, கார்னூபியா பக்கமோ ஃபீனிக்ஸின் கிழக்கு ஓரமோ உங்களுக்குக் கணக்குக் கட்டும். பார்க்கப் போகும்போது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போகாதீர்கள், எந்த வீடும் பக்கத்தில் இருப்பதாகத்தான் தெரியும். செவ்வாய்க்கிழமை காலை ஆறே முக்காலுக்குப் போய், அங்கிருந்து அலுவலகத்துக்கு வண்டியை விட்டுப் பாருங்கள்.